ஒரே உதையில்

திருத்தணிக் கடைவீதியில், கங்காதரன் கொண்டுவந்த பழைய கதவுப் பூட்டைக் கடைக்காரர் கண்ணையன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாவி போடற எடம் நல்லாதான் கீது. நாக்குதான் வளைஞ்சி போச்சி. கிருத்திகைக்கு மலைக்குப் போனப்ப திருட்டுப் பய எவனாச்சும் கதவ ஒதைச்சிட்டானா?"

"நான்தாங்க ஒதைச்சேன்."

சாவியைத் தொலைத்த ஆள்போலும் என்று சிரித்தபடி, கண்ணையன் புதுப் பூட்டு ஒன்றை எடுத்தார்.

"நாலு பேரு ஒதைச்சாலும் இது அசையாது."

"வேணாங்க. ஒரே ஒதையில ஒடையறதா குடுங்க."

"அப்படின்னா பூட்டு எதுக்குங்க?"

கங்காதரனின் குரல் இறங்கியது.

"பொண்ணு ரூமுங்க. அன்னிக்கு உள்ள பூட்டிக்கிச்சி. ஒடைக்கப் பத்து நிமிசம் ஆச்சி. உசுரு தப்பிச்சதே பெருசு. நாளைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வருது. பூட்டே இல்லன்னா, அப்பா நம்மள நம்பலையேன்னு நெனைச்சிக்குமுங்க."