முந்திக் கேட்ட கைதட்டல்

தங்கராசாவின் டிவியில் ஒலிம்பிக் ஓட்டக்காரர்கள் இன்னும் கோட்டைத் தொடவில்லை. அதற்குள் வேலிக்கு அப்பால் றமீஸ் வீட்டில் கைதட்டல் எழுந்தது.

“பாத்தியா, ஆர் வெல்லுவான் எண்டு அவனுக்கு முதலே தெரியுது. இதுல என்னமோ கள்ளம் இருக்கு.”

“ஒரு கள்ளமும் இல்ல. அவங்கட அன்ரனாக்கு உடனே வருது, நம்மட டிஷ்ஷுக்குக் கொஞ்சம் பிந்தி வருது,” என்றாள் மனைவி சீதேவி.

“அப்ப வேணுமெண்டுதான் தட்டுறான், என்ட சந்தோசத்தக் கெடுக்க. நாளைக்கே தகரம் அடிச்சு வேலிய உயர்த்துறன்.”

சீதேவி கறிக்கிண்ணத்தோடு வேலியடிக்குப் போய் றமீஸைக் கூப்பிட்டாள்.

அடுத்த ஓட்டம் தொடங்கியது. அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

“இப்ப என்ன சூழ்ச்சியோ,” என்று முணுமுணுத்தார் தங்கராசா. ஆனால் கடைசி நொடியில், பின்னால் வந்தவன் நெஞ்சை நீட்டி வென்றபோது, தன்னை மறந்து எழுந்து கைதட்டினார்.

அப்போதும் அங்கே அமைதிதான். சந்தேகம் தாங்காமல் வெளியே வந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

திறந்த கதவுக்குள் றமீஸின் மகள் ரிப்கா, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். விரல்களுக்கு இடையால் கேட்டாள்:

“வாப்பா, மாமாட டிவிலயும் ஓட்டம் முடிஞ்சிட்டு. இனிக் கைய எடுக்கட்டா?”

றமீஸ் தலையாட்டினான். ரிப்கா தட்டத் தொடங்கினாள். வேலிக்கு இப்பால் நின்ற தங்கராசா, அவளோடு சேர்ந்து இன்னொரு முறை தட்டினார்.