ஆள் ஏறாத பக்கம்

மூன்றாவது முறையாகக் கதவுக் கைப்பிடியை மாற்றிக்கொண்டிருந்தான் துலுக்கானம்.

எதிர் வீட்டு மனோகரனுக்கு மண்டை குடைந்தது. மூன்று முறையும் உடைந்தது இடது பக்கக் கதவின் கைப்பிடிதான். துலுக்கானம் தன் பழைய பிக்கப் வண்டியில் மண்ணூர்பேட்டை கம்பெனிகளுக்கு லோடு அடிப்பவன். அவனைத் தவிர அதில் ஒரு ஈ காக்கா ஏறாது. ஆளே ஏறாத பக்கத்துக் கைப்பிடி எப்படி உடையும்?

ஞாயிற்றுக்கிழமை பேப்பரை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் செக்யூரிட்டி பிரிவில் இருந்தவர். ரிட்டயர் ஆகித் திருமுல்லைவாயிலுக்குக் குடிவந்த பிறகும் அவர் மூக்கு மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

"என்னப்பா, மறுபடியுமா?"

"ஆமா சார்." துலுக்கானம் நிமிரவில்லை. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்கை வரை கதவுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். "பத்தாம் நம்பர் ஸ்பேனர் அங்க கீது பாருங்க, எடுங்க."

ஸ்பேனரை எடுக்கப் போனவர் கண்ணில் புதுக் கைப்பிடி பட்டது. தூக்கிப் பார்த்தார். கனத்தது.

"இரும்பா?"

"ஆமா சார். நாலு கடை அலைஞ்சி வாங்கினு வந்தேன்."

"டிரைவர் பக்கம் இன்னும் பழைய பிளாஸ்டிக்தான் இருக்கு. ஆளே ஏறாத பக்கத்துக்கு எதுக்குய்யா இரும்பு?"

துலுக்கானம் சிரித்து மழுப்பினான்.

உடைந்த கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மனோகரன். உள்ளே கம்பி மாட்டும் இடத்தில் விரிசல் மேல் விரிசல்.

"இது ஒரே நாள்ல உடைஞ்சதில்ல. பூட்டின கதவை யாரோ தினமும் பிடிச்சு இழுத்திருக்கான்." குரலைத் தாழ்த்தினார். "துலுக்கானம், திருடன்யா!"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். வுடுங்க."

"எப்படி விடறது? உன் வீட்டுச் சுவத்துல கேமரா இருக்குல்ல? நான்தானே சொல்லிச் சொல்லி வைக்க வெச்சேன். எடு, பாத்துடலாம்."

"அது ரிப்பேர் சார்."

"முந்தாநாள் தண்ணி லாரி எப்ப வந்துச்சுன்னு அதுலதானே பாத்துச் சொன்னே?"

துலுக்கானம் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மடியில் கனமில்லாதவன் ஏன் இப்படி முழிக்க வேண்டும்? யாரோ தெரிந்த ஆள், காட்டிக் கொடுக்க இவனுக்கு மனசு வரவில்லை என்று மனோகரன் முடிவுகட்டினார். விடிவதற்கு முன்னால் இந்தத் தெருவுக்குள் வருகிற ஆள் யார்?

"பூபாலன்!"

"யாரு, பால் பாக்கெட் போடறவரா?"

"நாலரைக்கு வர்றான். தெருவுல ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். வேற யாரு?"

போனை எடுத்து, நாற்பது வீடுகள் உள்ள தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு மடமடவென்று தட்டினார். தட்டியதைப் படித்தும் காட்டினார். "வண்டிக் கதவுகளைத் திறக்க முயலும் பால்காரர் பூபாலனை நாளை முதல் தெருவுக்குள் விட வேண்டாம்."

துலுக்கானத்தின் முகம் மாறிவிட்டது.

"சார், அனுப்பாதீங்க. மூணு புள்ளைங்கள வச்சிகினு இந்தப் பாலத்தான் நம்பிக் கீறாரு அவரு."

"அதுக்காகத் திருடனை விட்டுடறதா?"

"அவரு இல்ல சார்."

"அப்ப யாரு? சொல்லு. இல்லேன்னா அனுப்பறேன்."

துலுக்கானம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தான். எதையோ தேடி, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

கேமராவில் பதிவானது. காலை ஐந்து பத்து. தெருவிளக்கு வெளிச்சத்தில் குரங்குக் குல்லா போட்ட ஒருவர் வருகிறார். வரிசையாக நிற்கும் வண்டிகளின் கதவுகளை இழுத்துப் பார்க்கிறார். பிக்கப்பின் வலது பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது; தெருப் பக்கம் இருப்பது இடது கதவுதான். அதைப் பிடித்து, லோடு வண்டியாயிற்றே என்று வெடுக் வெடுக்கென்று இரண்டு இழுப்பு. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறார்.

அந்தக் குல்லா போன மார்கழியில் மனோகரனுக்கு அவர் மனைவி ஜெகதாம்பாள் வாங்கிக் கொடுத்தது.

முப்பத்திரண்டு வருஷம் ஷெட் ஷெட்டாகப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்த கை. வாக்கிங் போகும்போதும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. தெருவுக்குச் செய்யும் சேவை என்றுதான் அதை அவர் நினைத்திருந்தார். இழுத்துப் பார்க்கிற கையும் உடைக்கிற கையும் ஒன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

குரூப்புக்குத் தட்டி வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத தபாவே தெரியும் சார்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. ரிட்டயர் ஆகி இங்க வந்த புதுசுல ஆறு மாசம் நீங்க கேட்டைத் தாண்டி வெளிய வரல. யாரு கூடவும் பேசல. உங்க ஊட்டு அம்மா எங்க ஊட்டாண்ட வந்து அழுவாங்க. இந்த ரவுண்டு போவ ஆரம்பிச்சதுக்கு அப்பாலதான் சார் உங்க மூஞ்சில சிரிப்பையே பாத்தோம்."

கடைசி நட்டையும் முறுக்கிவிட்டுத் துலுக்கானம் எழுந்தான். கதவைச் சாத்திப் பூட்டினான்.

"ஆளே ஏறாத பக்கத்துக்கு எதுக்கு இரும்புன்னு கேட்டீங்களே? இது உடையாது. நாளைக்குக் காலைல நல்லா இழுத்துப் பாருங்க சார்."