அழுமூஞ்சிகளின் அம்மாக்கள்

அழுமூஞ்சிக் குழந்தைகளின் அம்மாக்களுக்குக் கொடுத்த மூன்று மாதப் பயிற்சி, மூன்று வருடம் தாங்குமா? ஹெஸ்டரின் முனைவர் பட்டம் இந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. லெய்டன் நகரில் இன்று அவள் போன முதல் வீடு தினேக்கேயுடையது.

தினேக்கே காபியோடு ஆளுக்கொரு பிஸ்கட் வைத்துவிட்டு டப்பாவை மூடினாள். மகன் யோரிட் இன்னொன்று கேட்டு உதட்டைப் பிதுக்கினான்.

அவள் அவன் உயரத்துக்குக் குனிந்தாள். "இன்னும் வேணும்போல இருக்கு, இல்லடா? நாளைக்குத்தான்."

அவன் தலையாட்டிவிட்டு விளையாடப் போனான். ஹெஸ்டரின் முகம் வாடியது.

"தொட்டில்லயே ஊரைக் கூட்டினவன், இப்ப பாருங்க. உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?" என்று கேட்டாள் தினேக்கே.

"எப்படிம்மா இருக்கும்? உங்களுக்கு நாங்க பயிற்சியே குடுக்கலையே. பயிற்சி இல்லாத வீடு எப்படித் திண்டாடுதுன்னு ஒப்பிட்டுக் காட்டத்தான் உங்களைச் சேத்தோம்."

"பக்கத்து வீட்டு வில்மாவுக்கு நீங்க சொல்லிக்குடுத்ததெல்லாம் சுவர் வழியா எனக்கும் கேட்டுதே."

ஹெஸ்டர் பெருமூச்சு விட்டாள். "போகட்டும், ஒரு வீடுதானே. அன்னைக்கு உங்களோட பேர் குடுக்க வந்தவங்கள்ல, பயிற்சி இல்லாத வீடு இன்னும் பன்னெண்டு இருக்கு."

"பாவம், அவங்களுக்கெல்லாம் வில்மா மாதிரி பக்கத்து வீடு அமையலையே," என்றாள் தினேக்கே. "அதான் வியாழக்கிழமைதோறும் காபிக்குக் கூப்பிட்டு, பன்னெண்டு பேருக்கும் நானே சொல்லிக்குடுத்துட்டேன்."