ஏரிக்கரைப் பிள்ளைகள்

மழை எட்டிப் பார்க்கவே கூச்சப்படும் ஒரு பாறைச் சரிவில் களாச்செடி ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு களா கிடையாது. வருஷந்தோறும் காய் கறுத்துப் பழுத்ததும் கொண்டைக்குருவி வரும். தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்து களா கேட்கும்:

"போன தடவை கொண்டுபோன விதைகளை எங்கே போட்டாய், தம்பி?"

"ஏரிக்கரை வண்டலில், அக்கா. எல்லாரும் உன்னைவிட உயரம். உன்னை ரொம்ப விசாரித்தார்கள்."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு களா அடுத்த கோடையைத் தாண்டிவிடும்.

அதன் நிழலில் ஒண்டியிருந்த கௌதாரிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"அக்கா, அவன் ஏரிப் பக்கமே போனதில்லை. இதோ, பக்கத்து மொட்டைப் பாறையில் உட்கார்ந்துதான் எச்சமிடுகிறான். விதையெல்லாம் வெயிலில் வறுபட்டுப் போகிறது. ஒன்றே ஒன்று வெடிப்பில் விழுந்து முளைத்திருக்கிறது. முள்ளெல்லாம் அப்படியே நீதான். உன் கிளையை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்தால், நிழலில் பிழைத்துக்கொள்ளும்."

களா எட்டிப் பார்த்தது. காய்ந்த ஈர்க்குச்சி போல ஏதோ நின்றது. நான்கே இலை, அதிலும் இரண்டு கருகல்.

"யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம்," என்றது களா. "என் பிள்ளைகள் ஏரிக்கரையில் இருக்கிறார்கள்."

அடுத்த பருவத்தில் வெடிப்பு வெறுமையாகக் கிடந்தது. குருவி மட்டும் தவறாமல் வந்தது.

"எல்லாரும் சௌக்கியமா, தம்பி?"

"பேரப்பிள்ளையே பிறந்தாச்சு, அக்கா."

களா, நன்றாகப் பழுத்திருந்த கிளையாகப் பார்த்து அவன் பக்கம் சாய்த்தது.