சைரனுக்குப் பத்தியம்

"நாய்க்கு மருந்து, உனக்குப் பத்தியம். இதுல இன்னா நைனா சந்தேகம்?" என்றாள் எல்லம்மாள்.

அன்றைய காலையும் மற்ற காலைகளைப் போலத்தான் தொடங்கியது. கங்காதரன் எழுந்தான். பல் துலக்கினான். அடுப்பைப் பார்த்தான், மூட்டவில்லை. மனைவி வசந்தி போன பிறகு அது எரிந்ததே இல்லை. தாலுகா கச்சேரிக்குப் போகும்போது ஒரு காபி, திரும்பும்போது ஒரு காபி. பக்கத்து வீட்டு எல்லம்மாள் கொடுத்தனுப்பும் சோறு, மூடியது மூடியபடி திரும்பிப் போகும்.

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவன், நாய்க்குட்டி சைரன் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் வருவதைக் கண்டான். தூக்கிய காலில் மஞ்சள் துணிக் கட்டு. பக்கத்தில் எல்லம்மாள்.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு விழும் என்று பாதி ஜனம் ரயிலேறி வந்த வருஷம், ஸ்டேஷன் ஓரம் ஊளையிட்டுக்கொண்டிருந்த குட்டியை வசந்திதான் முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். சைரன் என்ற பெயரும் அவள் வைத்ததே. அவள் போன அன்று கங்காதரன் மருந்து வாங்க அரக்கோணம் போயிருந்தான். "சைரனைப் பாத்துக்கச் சொல்லுங்கன்னா. அதான் கடைசியா சொன்னது" என்று எல்லம்மாள் அவனிடம் சொன்னாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று அவனுக்கு இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வேலையை மட்டும் அவன் தவறவிடவில்லை.

"காலுக்கு என்ன ஆச்சு?"

"மூட்டுல வாயு. சின்னக் குட்டி, எலும்பு இன்னும் முத்தல. இப்பவே பாத்தா சரியாப்பூடும். வுட்டா ஆயுசுக்கும் நொண்டிதான். நொச்சியெலை வதக்கிக் கட்டி வுட்டிருக்கேன். நீ அவுக்காத, கைராசி பூடும்."

"மாட்டு டாக்டர்கிட்ட கொண்டு போறேனே."

"மாட்டுக்குப் போடற ஊசிய இதுக்குப் போட்டா காலு நிக்கும், நாய் நிக்காது."

"சரி. பத்தியம் எனக்கு எதுக்கு?"

"பால் குடிக்கிற கொழந்தைக்கு மருந்துன்னா பத்தியம் இருக்கறது யாரு? அம்மாக்காரிதானே?"

"நான் அதுக்குப் பால் கொடுக்கலையேக்கா."

"தெனம் வாங்கி ஊத்தறது யாரு? அதேதான்!"

கங்காதரன் பி.ஏ.வில் தர்க்கசாஸ்திரம் படித்தவன். இந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று தேடினான். கண்டுபிடிப்பதற்குள் கையில் முடக்கத்தான் தோசை இருந்தது.

"பாதி அதுக்கு, பாதி உனக்கு. நீ துன்னாத்தான் அதுக்கு மருந்து புடிக்கும்."

வசந்தியின் குட்டி நொண்டக் கூடாது. தின்றான்.

மறுநாள் கொள்ளு ரசம். அடுத்த நாள் பிரண்டைத் துவையலும் சுடுசோறும். சனிக்கிழமை இருவருக்கும் நல்லெண்ணெய்க் குளியல், முதலில் நாய்க்கு. மூட்டு இறுகிவிடக் கூடாது என்று சாயங்காலம் மலையடிவாரம் வரை மெள்ள நடை. மூன்று கால் நாயும் எண்ணெய் வழியும் குமாஸ்தாவும் போவதைத் தெருவே நின்று பார்த்தது.

"துவையல் நாக்கை அரிக்குதுக்கா."

"அரிச்சாத்தான் மருந்து வேலை செய்யுது."

"அரிக்கறது எனக்கு. நொண்டறது அது."

"அப்போ மருந்து உன்கிட்டேருந்து அதுக்குப் பாதி வழி போய்கினு இருக்குது, போ!"

எதிர்வீட்டு சர்வர் பேகமும் ஒரு தூக்கோடு வந்து சேர்ந்தாள். "ஆட்டுக்கால் சூப்பு, தம்பி. எலும்புக்கு எலும்பு."

"நாங்க சைவம்க்கா."

"தெரியாதா? இது குட்டிக்கு. உங்களுக்கு அங்க எல்லம்மா பிரண்டை அரைச்சுகினு இருக்கா."

நோயாளி ஆட்டுக்கால் குடிக்க, பத்தியக்காரன் பிரண்டை தின்றான். நோயாளிக்குத் தொந்தி விழுந்தது. பத்தியக்காரனுக்குச் சட்டை லேசாகப் பிடித்தது.

ஒரு நாள் காலை, வாசலில் நின்று முடக்கத்தான் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தான். மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று அதை லபக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடியது.

"டேய்! விடாத சைரன்! என் தோசை!"

அவன் குரல் அப்படி உயர்ந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. சைரன் நாலு காலில் பாய்ந்தது. மதிலைத் தாண்டியது. கட்டு அவிழ்ந்து காற்றில் பறந்தது. குரங்கு தப்பியது, சைரன் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது.

கங்காதரன் துணியை எடுத்துப் பிரித்தான். நொச்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெறும் துணி. சைரன் காலில் அதைக் கட்டினான். கால் மேலே போனது. அவிழ்த்தான், கீழே வந்தது. மறுபடி கட்டினான். மேலே.

துணியோடு கிணற்றடிக்குப் போனான். இரண்டு பெண்களும் அங்கேதான் இருந்தார்கள்.

"சைரன் கால் மொதல் நாளே நல்லாத்தான் இருந்துச்சு. இல்லையா?"

சர்வர் பேகம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். எல்லம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"துணியக் கட்டினா எந்த நாய் நைனா காலை ஊனும்?"

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"மொதல்ல நேரா குடுத்துப் பாத்தோம். நீ திருப்பி அனுப்பிகினே இருந்தே. அப்புறம்தான் அவ சொன்னபடி செஞ்சோம்."

"யார் சொன்னபடி?"

"வசந்திதான். சைரனைப் பாத்துக்கச் சொன்னான்னு உன்கிட்ட நான்தான் மாத்திச் சொன்னேன். நெசமா அவ கடைசியா சொன்னது வேற."

எல்லம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, வசந்தியின் மெல்லிய குரலிலேயே அதைச் சொன்னாள்:

"'அவருக்குன்னு குடுத்தா சாப்பிட மாட்டாருக்கா. நாய்க்குன்னு சொல்லுங்க.'"