ஏழாம் மாடியில் பால் காய்ச்சிய நாள்

அடுக்குமாடி கட்டுகிறவர் அதிலேயே பத்து வருஷம் குடும்பத்தோடு குடியிருக்க வேண்டும். எந்த வீட்டில் என்பதைச் சாவி கொடுக்கும் நாளில் குலுக்கல் சொல்லும். சட்டம் அப்படி. பில்டர் கதிரேசன் அதைத் திட்டித் தீர்த்தார். அவர் மனைவி செண்பகவல்லிக்கோ கால் தரையில் பாவவில்லை. உயரமான மதிலுக்குள் தனிப் பங்களாவில் இருபது வருஷமாகப் பேச ஆளில்லாமல் கிடந்தவள் அவள்.

சீட்டை அவளே எடுத்தாள். ஏழாம் மாடி, கடல் பார்த்த வீடு. வீடு வாங்கிய நாற்பத்தேழு குடும்பங்களும் கைதட்டின. உடனே மேலே போய் அடுப்பை மூட்டிப் பால் வைத்தாள்.

"கடல் என்னமா தெரியுது, வாங்கக்கா" என்று பக்கத்து வீட்டு ரெஜினா கூப்பிட, பத்துப் பன்னிரண்டு பெண்கள் பால்கனிப் பக்கம் நகர்ந்தார்கள். செண்பகவல்லியும் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"ஏட்டி, நில்லு. ரெண்டு பேருக்கு மேல அதுல நிக்கப்படாது" என்று கதிரேசன் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

பால்கனிக்குள் கால் வைத்திருந்த பெண்கள் சட்டென்று பின்வாங்கினார்கள். பால் நுரைகட்டி விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. அது பொங்கி வழிவதற்குள் செண்பகவல்லி போய் அடுப்பை அணைத்தாள்.

"இங்க மட்டுந்தானா," என்று அவரைக் கேட்டாள், "இல்ல, இவங்க எல்லார் வீட்லயும் அப்பிடித்தானா?"