கூப்பிட்டால் திரும்பாத குதிரை

குதிரையின் வாலைத் தூக்கிப் பார்த்த தாய்மாமன் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டான்.

வாலுக்கு அடியில் கறுப்பு கறுப்பாகக் கட்டிகள். கோலிக்குண்டு அளவில் சில, அதைவிடப் பெரிதாக ஒன்று. உள்தொடையிலும் இருந்தது.

"இதையா வாங்கப் போறீங்க?" என்றான் சித்தியிடம்.

சித்தி அவனுக்கு அல்ல, அவன் அக்கா மகளுக்கு. அக்கா போய்ச் சேர்ந்தபிறகு அத்தான் கட்டிக்கொண்டு வந்தவள். இத்தனை வருஷத்தில் மாமன் அவளை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "ஏங்க" என்பதோடு சரி. அவள் மட்டும் விடாமல் தம்பி, தம்பி என்பாள்.

விஷயம் இதுதான். பெண்ணுக்குக் குதிரை வேண்டும். ஹாலில் மாட்டியிருக்கும் படத்தில் அவள் அம்மா கருஞ்சாம்பல் நிறக் குதிரைமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து பெண்ணுக்கு ஒரே நச்சரிப்பு, அம்மா குதிரை மாதிரி ஒன்று வேண்டும் என்று.

அந்தக் குதிரையை அக்கா போன கையோடு அத்தான் விற்றுவிட்டார். பார்க்கப் பார்க்க மனசு தாங்கவில்லை அவருக்கு. அன்றிலிருந்து எந்த லாயத்துப் பக்கமும் தலைவைத்துப் படுத்ததில்லை. இப்போதும், மச்சான் பார்த்துச் சரி என்றால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒதுங்கிவிட்டார்.

ஆக, முடிவு மாமன் கையில். மாமனுக்கோ சித்தி எது செய்தாலும் அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் சோறு இறங்காது.

இன்றைக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. எதிர்க் கொட்டடியில் பளபளவென்று ஒரு கருஞ்சாம்பல் குதிரை நிற்கிறது. படத்தில் இருப்பது அச்சு அசல் அதேதான். அதை விட்டுவிட்டு, சித்தி இந்த வெள்ளைக் கிழத்தின் முன்னால் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறாள்.

லாயக்காரர் ஒளிவுமறைவு இல்லாத மனுஷர். கட்டி இருக்கிறது என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். இன்னொரு குறையும் உண்டாம். பெயர் ராஜா, ஆனால் கூப்பிட்டால் திரும்பாது. "ராஜா" என்று கூப்பிட்டும் காட்டினார். குதிரை பாட்டுக்கு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

"கட்டிதான்னு பார்த்தா காதும் கேக்காதா? ரொம்ப நல்லா இருக்கு" என்றான் மாமன்.

சித்தி கூட்டிவந்திருந்த கால்நடை டாக்டர் கையுறை போட்டு ஒவ்வொரு கட்டியாக அழுத்திப் பார்த்தார். சேணம் படுகிற இடத்தில் ஒன்றும் இல்லை, சின்னப் பெண் ஏறி ஓட்டலாம் என்றார். ஆனால் அடிக்கடி காட்டவேண்டும், பெரிதானால் செலவு வைக்கும் என்றும் சொன்னார். சின்ன வயசில் சாம்பலாக இருந்து, வயசாக ஆக வெளுத்துப்போகிற குதிரைகளுக்குத்தான் இது அதிகம் வரும் என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். மாமன் 'செலவு' என்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

"இன்னொரு தடவை நல்லாப் பாருங்க தம்பி" என்றாள் சித்தி.

பார்த்தான். வாலைத் தூக்கினான், தொடையைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். அவள் மறுபடியும் அதையே சொன்னபோது பொறுமை போய்விட்டது.

"இங்க பாருங்க. சல்லிசா வருதுன்னுதானே இந்தக் குதிரை? உங்க வயித்துல பிறந்த பொண்ணா இருந்தா, இதை அவ தலையில கட்டுவீங்களா?"

லாயக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார். டாக்டர் கையுறையைக் கழற்றுவதில் மும்முரமானார்.

சித்திக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் வந்த காரியம் முடியவேண்டுமே.

"வந்ததுலேருந்து பின்பக்கத்தையேதான் பார்க்கறீங்க தம்பி. ஒரே ஒரு தடவை முகத்தைப் பாருங்க. இடது காதை."

வேண்டாவெறுப்பாக முன்னால் வந்தான். இடது காதின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. பழைய தழும்பு.

அக்காவின் குதிரை ஒருநாள் கம்பிவேலியில் மாட்டிக் காதைக் கிழித்துக்கொண்டது. அக்கா அன்றைக்குச் சாப்பிடாமல் அழுதாள். ரத்தத்தைத் துடைக்க, பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தவன் இவன்தான். ஆனால் அது கருஞ்சாம்பல். இது பால் வெள்ளை.

"வயசானா வெளுத்துடுமாம். டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டேன்" என்றாள் சித்தி. "உங்க அத்தான் யாருக்கு வித்தாரோ அவங்களைத் தேடிப் பிடிச்சு, அவங்க யாருக்கு வித்தாங்களோ அவங்களைப் பிடிச்சு, இங்க வந்து நிக்கறேன். படத்துல அந்தக் காது தெரியுது. ஆனா நான் நேர்ல பார்த்ததில்லையே. தப்பா இருந்தா பொண்ணு ஒடிஞ்சுபோயிடுவா. உங்ககிட்ட முதல்லயே சொன்னா, அதுதான்னு நினைச்சுக்கிட்டே பார்ப்பீங்க. அதான் வாயைத் திறக்கலை."

"உங்க அக்கா இதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க தம்பி? இவர் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்" என்றாள்.



"கரியா" என்றான் மாமன். பாதிச் சத்தம்தான் வந்தது.

வைக்கோல் மெல்லுவது நின்றது. வெள்ளைக் குதிரை காதை விடைத்துக்கொண்டு திரும்பியது. கிட்டே வந்து, அவன் சட்டைப்பையில் மூக்கை நுழைத்துத் தேடியது. அக்கா கேரட் துண்டுகளை எப்போதும் சட்டைப்பையில்தான் வைத்திருப்பாள்.

மாமன் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டியை அடுத்து எப்போது காட்டவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டான். கேட்டுவிட்டுச் சித்தியின் பக்கம் திரும்பினான்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம், அக்கா."